ஹெல்மியூத்தா, ஐவியா, நெக்ரானுவா: எந்தக் கணக்கை வைத்துச் சொல்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஃபில் ஹெல்மியூத் போக்கர் உலகத் தொடரில் 17 பிரேஸ்லெட் (ஒரு போட்டியை வென்றவருக்குத் தரும் கைவளை) வென்றவர், ஆகவே அவர்தான் உலகின் சிறந்த போக்கர் ஆட்டக்காரர் என்கிறார் உங்கள் நண்பர். ஃபில் ஐவிக்கு 11, டேனியல் நெக்ரானுவுக்கு 7 என்று பிரேஸ்லெட் குறைவாக இருந்தாலும் அவர்கள் ஒரு படி மேல் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அப்புறம், நெக்ரானு டக் போல்க்கிடம் 12 லட்சம் டாலர் தோற்றாரே, அதோடு அவர் கதை முடிந்துவிடவில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். யார் பெரியவர் என்பதை விட, எந்த எண் திறமையை அளக்கிறது, எது அதிர்ஷ்டத்தை அளக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் படித்தது புள்ளியியல். போக்கர் ஆட்டப் பதிவுகளை எடுத்து, ஒருவருடைய லாபத்தில் எவ்வளவு நிஜம் என்று கணக்குப் பார்ப்பதைப் பல ஆண்டுகளாக வேலையாகச் செய்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

போல்க், நெக்ரானு மோதலில் இருந்து தொடங்குகிறேன். போக்கர் வரலாற்றில் இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து, எத்தனை கை ஆடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்து, அதை முழுதாக ஆடி முடித்த பெரிய போட்டிகள் மிகக் குறைவு. (சீட்டு போட்டதில் இருந்து பானை, அதாவது நடுவில் சேரும் பந்தயப் பணம், ஒருவர் கைக்குப் போகும் வரையான ஒரு சுற்றைத்தான் 'கை' என்கிறேன்.) 2009இல் டாம் டுவான், நாலு மேசைகளில் 50,000 கை ஆடலாம், நான் தோற்றால் 15 லட்சம் டாலர் கூடுதலாகத் தருகிறேன், நீங்கள் தோற்றால் 5 லட்சம் தந்தால் போதும் என்று சவால் விட்டார். முதலில் பாட்ரிக் அன்டோனியஸ் வந்தார், பிறகு டேனியல் கேட்ஸ் வந்தார். இரண்டு ஆட்டமும் பாதியிலேயே நின்றுபோயின. ஆனால் போல்க்கும் நெக்ரானுவும் 2020 நவம்பரில் தொடங்கி 2021 பிப்ரவரியில் 25,000 கையை ஆடி முடித்தார்கள். ஆட்டம் நோ லிமிட் ஹோல்டெம், அதாவது பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை. பிளைண்ட் 200/400 டாலர், அதாவது ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் 200, மற்றவர் 400 கட்டாயமாகப் பானையில் வைக்க வேண்டும். முடிவில் போல்க் ஏறத்தாழ 12 லட்சம் டாலர் முன்னிலை.

இதைப் பெரிய பிளைண்ட் (இங்கே அந்த 400 டாலர்) கணக்கில் மாற்றினால்தான் மற்ற ஆட்டங்களோடு ஒப்பிட முடியும். 12 லட்சத்தை 400ஆல் வகுத்தால் 3,000 பெரிய பிளைண்ட். 25,000 கையில் 3,000 என்றால் 100 கைக்கு 12. தொழில்முறை ஆட்டத்தில் இது பெரிய வித்தியாசம். ஆனால் இதே ஆட்டத்தில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் எவ்வளவு தெரியுமா? இருவர் மட்டும் ஆடும் நோ லிமிட் ஹோல்டெமில் திட்ட விலக்கம் 100 கைக்குச் சுமார் 120 பெரிய பிளைண்ட் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். முரட்டுத்தனமாகப் பந்தயம் ஏற்றுகிறவர்கள் என்றால் இன்னும் கூடும். 25,000 கை என்பது நூறு நூறாக 250 தொகுதி. 120ஐ 250இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 7.6. அதாவது, அளந்தது 12, அளவின் தடுமாற்றம் 7.6. வழக்கமான 95 சதவீத வரம்பு போட்டால், இருவருக்கும் இடையேயான நிஜமான திறன் வித்தியாசம் போல்க் பக்கம் 27 வரை இருக்கலாம், நெக்ரானு பக்கம் 3 என்றும் இருக்கலாம்.

மூன்று மாதம், 25,000 கை, 12 லட்சம் டாலர், இத்தனைக்குப் பிறகும் கணக்கு 'போல்க் மேல் என்பது மிகச் சாத்தியம்' என்ற அளவில்தான் நிற்கிறது. போல்க் மேல் என்று நான் நம்புவதற்குக் காரணம் அந்த முடிவு மட்டும் இல்லை. அவர் இருவர் ஆட்டத்தையே தொழிலாக வைத்து வளர்ந்தவர். 2015இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற போக்கர் ஆடும் கணினி நிரலை எதிர்த்து ஆடத் தேர்ந்தெடுத்த நாலு பேரில் ஒருவர். போட்டி தொடங்கும் முன்பே பந்தயச் சந்தை அவரைத்தான் வலுவாக ஆதரித்தது. முன்பே தெரிந்தது, பின்பு வந்த முடிவு, இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் நம்பிக்கை கூடுகிறது. முதல் நாள் லாஸ் வேகாஸில் நேரில் ஆடிய 200 கையை மட்டும் பார்த்திருந்தால் நெக்ரானு சுமார் 1.16 லட்சம் டாலர் முன்னிலையில் இருந்தார். அன்றிரவு அதை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் நிறையப் பேர்.

சரி, எத்தனை கை ஆடினால் போதும்? இரண்டு பேருக்கும் வித்தியாசம் 100 கைக்கு 3 பெரிய பிளைண்ட் என்று வையுங்கள். உச்சத்தில் இருப்பவர்களுக்கு நடுவே அதுவே கணிசமானது. அதை ஓரளவு உறுதியாகச் சொல்ல 6,40,000 கை வேண்டும். நேரில் மணிக்கு 60 கை, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் மூன்றரை ஆண்டுக்கு மேல், ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் ஆட வேண்டும். அதற்குள் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வேறு ஆட்டக்காரர்களாகவே மாறியிருப்பார்கள். அளக்க நினைத்த பொருளே நடுவில் மாறிவிடுகிறது என்பது இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். எவ்வளவு தரவு சேர்த்தாலும் இது முழுதாகத் தீராது.

இதற்குப் பாதி மருந்து ஒன்று இருக்கிறது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கின் ரிவர்ஸ் கேசினோவில் லிப்ராட்டஸ் என்ற நிரல் டாங் கிம், ஜேசன் லெஸ், ஜிம்மி சௌ, டேனியல் மெக்காலே ஆகிய நால்வரோடு 1,20,000 கை ஆடியது. டுவோமஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய நிரல் அது. ஆட்டக்காரர்களை ஜோடியாகப் பிரித்து, ஒருவருக்கு வந்த சீட்டை அடுத்த இடத்தில் நிரலுக்கும், அங்கே நிரலுக்கு வந்ததை இங்கே மனிதருக்கும் கொடுத்தார்கள். ஒருவருக்கு ராஜா ஜோடி வந்த அதிர்ஷ்டம் மறுபக்கம் எதிரிக்கும் வந்துவிடும், ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். லிப்ராட்டஸ் 100 கைக்கு 14.7 பெரிய பிளைண்ட் என்ற வேகத்தில் வென்றது. அதன் மேல் சந்தேகத்துக்கு இடமே இல்லை. போக்கரில் 'இவர் அவரை விடச் சிறந்தவர்' என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய மிகச் சில ஒப்பீடுகளில் இது ஒன்று, அதில் வென்றது மனிதர் இல்லை. கிளாடிகோவை எதிர்த்து மனிதர்கள் 80,000 கையில் 7,32,713 சிப் முன்னிலை பெற்றதைக்கூட ஏற்பாட்டாளர்கள் புள்ளியியல்படி சமநிலை என்றார்கள். ஆட்டக்காரர்களுக்கு அதில் கோபம் இருந்தது, எனக்கும் அந்த அறிவிப்பு கொஞ்சம் பெருந்தன்மையாகத்தான் பட்டது. 100 கைக்கு 9 பெரிய பிளைண்ட் என்பது வலுவான சான்று. ஆனாலும் அங்கே ஒரு விவாதத்துக்காவது இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது பிரேஸ்லெட் கணக்கு. ஹெல்மியூத் 1989இல், 24 வயதில், முந்தைய இரண்டு ஆண்டும் தொடர்ந்து வென்ற ஜானி சானை இறுதியில் வீழ்த்தி முதன்மைப் போட்டியை வென்றார். அன்று கலந்துகொண்டவர்கள் 178 பேர். 2023இல் அதே போட்டிக்கு 10,043 நுழைவு. இரண்டுக்கும் ஒரே பிரேஸ்லெட். உலகத் தொடரில் இப்போது ஒரு கோடையில் 100 அளவில் பிரேஸ்லெட் கொடுக்கிறார்கள். சில போட்டிகள் நாலைந்து நாள் நடக்கின்றன, சில ஒரே நாளில் முடியும் வேகப் போட்டிகள். ஹெல்மியூத்தின் 17வது பிரேஸ்லெட் 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள அதிவேகப் போட்டியில் வந்தது. பிளைண்ட் அத்தனை வேகமாக ஏறும்போது முடிவெடுக்க இடமே குறைவு, அதிர்ஷ்டத்தின் பங்கு ஏறும். அதனால் வெற்றி செல்லாது என்று சொல்லவில்லை. எண்ணி வரும் 17ஐ 17 சம அலகுகளாக எடுத்துக்கொள்ள முடியாது என்றுதான் சொல்கிறேன்.

எண்ணிக்கைக்குக் கீழே இருக்கும் பெரிய விஷயம், எத்தனை முறை முயன்றார் என்பது. ஹெல்மியூத் 35 ஆண்டுக்கு மேலாக, ஒவ்வொரு தொடரிலும் முடிந்த அளவு போட்டிகளில் அமர்கிறவர், பிரேஸ்லெட்டைத்தான் தன் வாழ்நாள் இலக்காகவே வெளிப்படையாகச் சொல்கிறவர். ஐவிக்கு அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, கேஷ் கேமில் (டோர்னமென்ட்டாக இல்லாமல் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் மேசையில்) ஒரே இரவில் ஒரு பிரேஸ்லெட்டின் பரிசை விடப் பெரிய தொகை கைமாறிக்கொண்டிருந்தது. பல கோடைகளில் அவர் தொடருக்கே அதிகம் வரவில்லை. வென்றதை மட்டும் எண்ணி, முயன்றதை எண்ணாமல் விட்டால் எந்த விகிதமும் கிடைக்காது. முயற்சிகளின் முழுப் பட்டியல் பொதுவில் கிடையாது. பணம் கிடைத்த இடங்கள்தான் பதிவாகின்றன, கட்டணம் கட்டி வெறுங்கையோடு போன நாட்கள் பதிவாவதில்லை.

பரிசுப் பணப் பட்டியலுக்கும் இதே நோய், இன்னும் முற்றிய நிலையில். நெக்ரானு இதைத் தானே வெளிச்சம் போட்டுக் காட்டினார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. 2017இல் அவர் வென்ற பரிசு 27 லட்சம் டாலருக்கு மேல். பட்டியலில் பார்த்தால் அருமையான ஆண்டு. கட்டிய நுழைவுக் கட்டணத்தைக் கழித்து அவரே வெளியிட்ட கணக்கில் அது சற்று நஷ்டமான ஆண்டு. 2014இல் 10 லட்சம் டாலர் கட்டணப் போட்டியில் டான் கோல்மனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து பெற்ற 83 லட்சம் டாலர்தான் அவரை அன்று பட்டியலின் உச்சிக்கு ஏற்றியது. இன்று உச்சியில் இருக்கும் பிரின் கென்னியின் கதை இன்னும் தெளிவு. 2019இல் லண்டனில் 10.5 லட்சம் பவுண்ட் கட்டணத்தில் நடந்த ட்ரைட்டன் மில்லியன் போட்டியில் 54 பேர் ஆடினார்கள். கடைசி இருவராக நின்றபோது கென்னியிடம் சிப் அதிகம் இருந்ததால் அதற்கேற்பப் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு ஆட்டத்தில் வென்றது ஆரோன் ஸாங். ஆனால் ஸாங்குக்கு 1.38 கோடி பவுண்ட், கென்னிக்கு 1.69 கோடி. இரண்டாவதாக வந்தவர் அதிகம் வாங்கிக்கொண்டு உலகப் பட்டியலில் முதலிடம் போனார். இத்தனைக்கும், இவ்வளவு பெரிய கட்டணங்களைப் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் தனியாகக் கட்டுவதில்லை. பங்கு விற்று, பிறர் பணத்தில் ஆடுவது இந்தத் தொழிலின் சாதாரண வழக்கம். பட்டியலில் இருக்கும் தொகையில் எவ்வளவு அவர் பைக்குப் போனது என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது.

டோர்னமென்ட்டில் ஏற்ற இறக்கம் எவ்வளவு கொடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு. சில நூறு பேர் ஆடும் போட்டிகளில் ஒரு போட்டிக்கான திட்ட விலக்கம் கட்டணத்தைப் போல ஐந்தாறு மடங்கு வரும். நிஜமாகவே 20 சதவீத லாபத் திறன் உள்ள ஒருவர் அப்படி 400 போட்டி ஆடினால், மொத்தத்தில் நஷ்டத்தில் நிற்பதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நேரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு 400 போட்டி என்பது பல ஆண்டுகளின் வாழ்க்கை. இதை ஆட்டக்காரர்களிடம் சொல்லும்போது முகம் வாடும். தோற்றவர்களுக்கு இது ஆறுதல் போலத் தெரியும், ஆனால் ஜெயித்தவர்களுக்கும் இதே கணக்குதான்.

நேருக்கு நேர் முடிவுகளை நம்பலாமா என்றால், அதிலும் ஒரு எச்சரிக்கை. போல்க்கிடம் தோற்ற அதே 2021இல் நெக்ரானு, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இருவர் ஆட்டத்தில் ஹெல்மியூத்திடம் மூன்று முறை தொடர்ந்து தோற்றார். உங்கள் நண்பர் இதைச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். மூன்று ஆட்டம் என்பது, சமமான இருவருக்கு நடுவே நாலில் ஒரு முறை மூன்றும் ஒரே பக்கம் விழக்கூடியது. அதற்கு மேல் அதில் எதையும் படிக்க முடியாது. அப்புறம், அ என்பவர் ஆவை வெல்வார், ஆ என்பவர் இயை வெல்வார் என்றால் அ என்பவர் இயை வெல்வார் என்று போக்கரில் முடிவு கட்ட முடியாது. எதிரியின் பிழையைத் தேடி ஆடும் பாணி ஒருவரிடம் பலன் தரும், இன்னொருவரிடம் அதுவே ஓட்டையாகும். நெக்ரானு அந்த 25,000 கைக்காக சால்வர் நிரல்களோடும் (கோட்பாட்டின்படி சிறந்த ஆட்டம் எது என்று கணக்கிடும் நிரல்கள்) பயிற்சியாளர்களோடும் மாதக்கணக்கில் உழைத்தவர். அந்த உழைப்பு, கோட்பாடு தெரிந்த போல்க்கை எதிர்த்து ஆடுவதற்கானது. ஹெல்மியூத் வேறு மாதிரி ஆடுகிறவர். கோட்பாடு தவறு என்று சொல்லும் இடத்தில் சீட்டைப் போட்டுவிட்டு, பொறுத்திருந்து அடிப்பவர்.

அப்படியானால் எதை நம்புவது? என்னிடம் கேட்டால், ஒரே கடினமான போட்டியில் திரும்பத் திரும்ப வெல்வதை நம்புவேன். உலகத் தொடரில் 50,000 டாலர் கட்டணத்தில் ஆட்டக்காரர்கள் சாம்பியன்ஷிப் என்று ஒன்று நடக்கிறது. ஹோல்டெம் மட்டும் இல்லை, ஒமாஹா, ஸ்டட், ரேஸ், டிரா என்று பல வகைகளை மாற்றி மாற்றி ஆட வேண்டும். பெரும்பாலும் நூறு பேர் அளவில் வருவார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் தொழில்முறை. அதை மைக்கேல் மிஸ்ராச்சி 2010, 2012, 2018, 2025 என நாலு முறை வென்றிருக்கிறார். எல்லோரும் சமம் என்று வைத்து, ஒருவர் 16 முறை கலந்துகொண்டால் நாலு முறை வெல்ல லட்சத்தில் இரண்டு வாய்ப்புகூட இல்லை. 'நூறு பேர் ஆடுகிறார்களே, யாரோ ஒருவருக்கு அமையாதா' என்று கேட்டால், அப்படிப் பார்த்தாலும் ஆயிரத்தில் இரண்டுதான். பிரையன் ராஸ்ட் மூன்று முறை, டேனியல் கேட்ஸ் 2021, 2022 என்று தொடர்ந்து இரண்டு முறை. இந்தப் பெயர்கள் உங்கள் வாதத்தில் வரவே இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நெக்ரானுவின் ஏழாவது பிரேஸ்லெட் 2024இல் இதே போட்டியில் வந்தது. அவருடைய தரத்துக்கு, 83 லட்சம் டாலரை விட அது நல்ல சாட்சி.

ஐவியைப் பற்றி என் கருத்து இதோடு சேர்ந்ததுதான், ஆனால் இது கருத்து, நிரூபணம் இல்லை. அவருடைய 11 பிரேஸ்லெட்டில் ஒன்றுகூட நோ லிமிட் ஹோல்டெமில் வந்ததில்லை. ஒமாஹா, ஸ்டட், டிரா, கலப்பு ஆட்டங்கள். கிரிக்கெட்டில் டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றிலும் சராசரி வைத்திருப்பவரைப் பார்ப்பது போல நான் அவரைப் பார்க்கிறேன். ஹெல்மியூத்தின் முதல் 11 பிரேஸ்லெட்டும் ஹோல்டெம்தான். 2012 முதல் ரேஸில் இரண்டு, டிராவில் ஒன்று வென்று அந்தக் குறையை அவர் உழைத்து நிரப்பினார். நாற்பதைத் தாண்டிய பிறகு புதிய ஆட்டங்களைக் கற்று அங்கேயும் வெல்வது லேசான விஷயம் இல்லை, அதற்கு அவருக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஐவியின் பக்கம் இன்னொரு சான்று ஆன்லைன் பதிவு. ஃபுல் டில்ட் தளத்தில் 2007 முதல் 2011 வரை, உலகின் மிகப்பெரிய ஆன்லைன் மேசைகளில், வெளியாட்கள் பதிவு செய்த கணக்கின்படி ஏறத்தாழ 2 கோடி டாலர் லாபம். பிறகு வேறு பெயரில் ஆடியபோது பல லட்சம் டாலர் இழந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2011க்குப் பிறகு சால்வர் தலைமுறை மேலே வந்துவிட்டது. 2008இன் ஐவி, 2020இன் போல்க் என்று ஒப்பிடுவது இரண்டு காலங்களை ஒப்பிடுவது, அதற்கு என் கணக்கில் விடை இல்லை. 2006இல் வங்கியாளர் ஆண்டி பீலிடம் ஐவி மூன்று நாளில் 1.6 கோடி டாலருக்கு மேல் வென்ற கதையை யாராவது சான்றாகக் காட்டினால், அந்தத் துணிச்சலை நானும் வியக்கிறேன். ஆனால் மூன்று நாள் ஆட்டம் திறமைக்கு அளவுகோல் இல்லை.

ஆகவே நண்பரிடம் இப்படிச் சொல்லலாம். டோர்னமென்ட்டில் நீண்ட காலம் தாக்குப்பிடித்த சாதனை என்றால் ஹெல்மியூத்துக்கு நிகர் இல்லை. பல வகை ஆட்டங்களையும் பெரிய கேஷ் கேமையும் சேர்த்துப் பார்த்தால், தங்கள் உச்சத்தில் இருந்தபோது, ஐவியை மற்ற இருவருக்கும் மேலே வைப்பேன். இருவர் மட்டும் ஆடும் ஹோல்டெமில் மூவரையும் விட போல்க் மேலாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நெக்ரானு எல்லாவற்றிலும் இரண்டாவதோ மூன்றாவதோ வருகிறார், அது சின்ன இடம் இல்லை.

யாருடைய ஆட்டத்தைப் பார்த்துக் கற்பது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெயரை விட, எப்படிப்பட்ட ஒளிப்பதிவு என்பது முக்கியம். 2000களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரிய பானையும் துணிச்சலான புளஃபும் (மோசமான சீட்டோடு பந்தயம் ஏற்றி மிரட்டுவது) உள்ள கைகளை மட்டும் வெட்டி ஒட்டியவை. அவற்றைப் பார்த்து ஐவி எப்போதும் புளஃப் அடிக்கிறார் என்று நினைத்துவிடுவோம். ஒரு கைகூட விடாமல், சீட்டு தெரியும்படி ஒளிபரப்பான இறுதி மேசைகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை எடுத்து, நீங்கள் கவனிக்கும் ஆட்டக்காரர் எந்தெந்தச் சீட்டைத் தொடாமல் போட்டுவிடுகிறார் என்பதை மட்டும் முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்.